விதைப்பவரின் நம்பிக்கை



இவ்வளவு செபித்தும் ஏன் இப்படி நடந்தது? மருத்துவமனைத் தாழ்வாரத்திலும், கோயில் முற்றத்திலும், வீட்டு அடுப்படியிலும் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் அல்லர். நாள் தவறாமல் செபமாலை சொல்பவர்களிடமிருந்தும் இக்கேள்வி வருகிறது. ஆகவே இதற்கு அவசரமாகப் பதில் சொல்லிவிடலாகாது. ஆண்டவரை நம்புவது என்றால் என்ன, எது நம்பிக்கை அல்ல, குடும்ப வாழ்வில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்பவற்றை, திருத்துறைப்பூண்டி வட்டார மக்களின் வாழ்வை முன்வைத்து இவ்விதழில் சிந்திப்போம்.

தண்ணீரும் காற்றும் நம் கையில் இல்லை

திருத்துறைப்பூண்டி காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில்தான் டெல்டா உழவர் குறுவைக்கு நாள் குறிப்பார். ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அறிவித்தது. கருகிய சம்பாப் பயிரைப் பார்த்து மனமுடைந்து உயிரிழந்த உழவர்கள் டெல்டாவில் பலர்.

அந்தக் காயம் ஆறுமுன், 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. பிள்ளையைப் போல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் லட்சக்கணக்கில் சாய்ந்தன. கூரைகள் பறந்தன, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அதற்கும் 14 ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களில் உண்டு.

இம்மக்களிடம் போய், நம்பினால் துன்பம் வராது என்று சொல்ல முடியுமா? சொல்லவும் கூடாது. ஆண்டவர் அப்படி வாக்களிக்கவே இல்லை.

படகில் ஆண்டவர் இருந்தார்

மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சீடர்களின் படகில் இயேசு இருந்தார். அவர் இருந்தும் புயல் வந்தது. படகில் தண்ணீரும் ஏறியது. புயலே வராது என்ற உத்தரவாதம் அன்று அவர்களுக்கும் கிடைக்கவில்லை. புயலின் நடுவே அவர்கள் தனியாக இல்லை என்பதே அவர்கள் பெற்ற பேறு.

மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொல்கிறார் இயேசு. பறவை கூட்டிலேயே உட்கார்ந்து இரை வரக் காத்திருப்பதில்லை. விடியுமுன்பே பறந்து போகிறது. ஆனால் நாளைய இரையை எண்ணி இன்றைய தூக்கத்தை அது இழப்பதில்லை. அவர் கற்றுத்தந்த செபத்திலும் அன்றன்றைய உணவைத்தான் நாம் கேட்கிறோம். பத்து ஆண்டுச் சுமையை ஒரே நாளில் தூக்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

எது நம்பிக்கை அல்ல?

முதலாவது, கைகட்டிக் கொண்டிருப்பது நம்பிக்கை அல்ல. நாற்றங்கால் விடாதவர் மழை வந்தாலும் அறுவடை செய்யப் போவதில்லை. உழவர் உழுகிறார், விதைக்கிறார், வரப்பைக் கட்டுகிறார். அதன்பின்தான் வானத்தைப் பார்க்கிறார். செய்ய வேண்டியதைச் செய்து முடித்த கைகளைக் குவிப்பதே செபம்.

இரண்டாவது, பேரம் பேசுவது நம்பிக்கை அல்ல. ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காவி உடையில் நடந்து செல்வோரைத் திருத்துறைப்பூண்டி மக்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நேர்ந்துகொள்வது நல்ல வழக்கம். நன்றியை மறவாதிருக்க அது உதவுகிறது. ஆனால் நான் நடந்தேன், ஆகவே நீ தர வேண்டும் என்று கணக்குப் போட்டால், அன்னையின் முன் பிள்ளையாக அல்ல, கடன்காரரிடம் வசூலிக்க வந்தவராக நிற்போம்.

மூன்றாவது, நம்மையே குற்றவாளியாக்கிக் கொள்வதும் நம்பிக்கை அல்ல. குழந்தைக்கு நோய் வந்தால், நான் செய்த பாவமோ என்று எத்தனை தாய்மார் உள்ளுக்குள் அழுகிறார்கள்! யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றிச் சீடர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவருடைய பாவமும் அல்ல, பெற்றோருடைய பாவமும் அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் நீக்கிய சுமையை நாம் மறுபடி தலையில் ஏற்ற வேண்டாம்.

பராமரிப்பு யார் கையால் வருகிறது?

இறைவன் தம் படைப்புகளின் ஒத்துழைப்பைக் கொண்டே தம் திட்டத்தை நிறைவேற்றுகிறார் என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அவரால் இயலாததால் அல்ல. தம் பணியில் நமக்கும் பங்கு தர விரும்பும் நன்மைத்தனத்தால். வயலும் வாய்க்காலும் நிறைந்த நம் பகுதியில் இதற்குப் பாம்புக்கடியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து நம் நாட்டில் தயாராகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைத் தருவதில் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் மக்கள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவார்கள்.

எண்ணிப் பாருங்கள். நடவு வயலில் கடிபட்ட ஒரு தாய் பிழைக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ஓர் இருளர் குடும்பம், ஒரு குதிரை, ஓர் ஆய்வுக்கூடம், ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர், எங்கோ ஒரு பங்கில் காணிக்கை போட்ட கை என்று எத்தனை பேர்! இறைப்பராமரிப்பு வந்த பாதை இதுதான்.

ஆகவே பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போய் நேரத்தை இழப்பது நம்பிக்கை அல்ல. கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கை கால்களை அசைக்காமல், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலியோ, இமை தானாகச் சரிவதோ கண்டால் தாமதிக்கலாகாது. மருத்துவரை மதிக்கும்படியும், மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்றும் சீராக் நூல் 38-ஆம் அதிகாரம் நமக்கு அறிவுறுத்துகிறது.

வீட்டுக்குள் வீசும் புயல்

சில புயல்களுக்கு வானிலை அறிவிப்பு இல்லை. குடிக்கு அடிமையான கணவர், வழிதவறிய மகன், மாதாமாதம் வளரும் வட்டி. இத்தகைய வீடுகளுக்குப் புனித மோனிக்கா நல்ல துணை. முன்கோபியான கணவர் பத்ரீசியுவுடன் வாழ்ந்தவர் அவர். கணவர் தம் இறுதிக் காலத்தில்தான் மனம் மாறித் திருமுழுக்குப் பெற்றார். மகன் அகுஸ்தீனாருக்காக அந்தத் தாய் பல ஆண்டுகள் கண்ணீரோடு செபித்தார். 387-ஆம் ஆண்டு பாஸ்கா விழாவில் மிலான் நகரில் மகன் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில் தாய் இறந்தார். அவர் வெறுமனே அழுதுகொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடல் கடந்து மகனைத் தேடிப் போனார். ஆயர்களிடம் ஆலோசனை கேட்டார். மோனிக்காவின் திருநாள் ஆகஸ்ட் 27. வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்கு இரண்டு நாள் முன்பு.

ஆனால் ஒன்று. பொறுமை என்பது அடியையும் உதையையும் மௌனமாக வாங்குவது அல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' ஊக்கவுரையில், கொடுமைக்கு ஆளாகும் துணையையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிந்திருப்பதே கட்டாயமாகும் சூழல்களும் உண்டு என்று ஏற்றுக்கொள்கிறார். குடிப்பழக்கம் சிகிச்சை தேவைப்படும் நோய். செபத்தோடு சிகிச்சையும் சேரட்டும். தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள் என்னும் மூன்று சொற்களை வீட்டில் தாராளமாகப் பேசும்படியும் அதே ஊக்கவுரை கேட்கிறது. செலவில்லாத இம்மருந்து எந்த வீட்டிலும் கிடைக்கும்.

இன்றே செய்யக்கூடியவை

இரவு உணவுக்குப்பின் குடும்பமாக ஐந்து நிமிடம் செபியுங்கள். அன்று கிடைத்த ஒரு நன்மைக்கு ஒவ்வொருவரும் நன்றி சொல்லுங்கள். கடன் இருந்தால் கணவனும் மனைவியும் ஒளிக்காமல் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மறைத்த கடனே இரவில் பெரிதாகத் தெரியும். வாழ்ந்து பயனில்லை என்று வீட்டில் யாராவது பேசினால், அதைக் கோபப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

இரண்டு கிலோ விதை

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமனை உழவர் உலகம் அறியும். நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டவர் அவர். வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதை நெல் தருவார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாக அவர் திருப்பித் தர வேண்டும். கஜா புயல் அடித்த மூன்றாவது வாரத்தில், 2018 டிசம்பர் 6 அன்று, புற்றுநோயால் அவர் இறந்தார். ஆனால் அவர் கொடுத்த விதை பல ஊர் வயல்களில் முளைத்துக்கொண்டிருக்கிறது. நம்பிக் கொடுப்பவர் விளைச்சல் முழுவதையும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆனாலும் கொடுக்கிறார்.

அன்பர்களே, உங்கள் செபமும் காணிக்கையும் அத்தகைய விதையே. நீங்கள் பார்த்திராத ஒருவருடைய கட்டிலருகே அது மருந்தாகவும் ஆறுதலாகவும் முளைக்கிறது. ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்கு முழு விடை இவ்வுலகில் நமக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அக்கேள்வியோடு நிற்பவரின் அருகில் போய் நிற்க நம் எல்லாராலும் முடியும்.

ஆரோக்கிய அன்னையின் பரிந்துரையால் இறைவன் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.