விற்காத பதக்கம்

ஹரியானா மாநிலத்தில் ஜஜ்ஜர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. டெல்லிக்கு மேற்கே உள்ள மாவட்டம் அது. அங்கே பால்ரா என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் உம்ராவ் சிங் என்று ஓர் உழவர் வாழ்ந்தார். 1920இல் பிறந்தார். 2005இல் இறந்தார்.

அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை நம்பிக் குடும்பம் இருந்தது. வீட்டில் ஒரு பதக்கமும் இருந்தது. வெண்கலப் பதக்கம். சிலுவை வடிவில் இருக்கும். பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டால் டீச் செலவுக்குத்தான் காணும். ஆனால் அதை வாங்கப் பெரும் பணத்தோடு ஆட்கள் வந்தார்கள். அவரிடம் பணம் அதிகம் இல்லை. ஆனாலும் அவர் விற்கவில்லை.

ஏன் விற்கவில்லை? பதக்கம் வந்த கதையை முதலில் பார்ப்போம்.

பட்டாளத்துக்குப் போன பிள்ளை

ஜஜ்ஜர், ரோத்தக், ரேவாரி. இந்தப் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெருவைப் பார்ப்பது கடினம். மழை குறைந்த பூமி. கிணறும் கால்வாயும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நிலத்தைப் பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். அதனால் ஒரு பிள்ளை ஏர் பிடிப்பான். இன்னொரு பிள்ளை பட்டாளத்துக்குப் போவான். அவன் அனுப்பும் மணியார்டர் வீட்டைத் தாங்கும்.

உம்ராவ் சிங்கும் அப்படித்தான் போனார். 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அந்த ஆண்டே அவர் படையில் சேர்ந்தார். அப்போது நாடு வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. போர் முடியும்போது இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாயம் என்று சட்டம் போட்டுச் சேர்த்த படை அல்ல. ஆனால் பலரைச் சேரச் சொன்னது வயிறு என்பதையும் மறக்கக் கூடாது.

அவர் சேர்ந்தது பீரங்கிப் படையில். அதிலும் மலைப் பீரங்கிப் பிரிவு. மலையிலும் காட்டிலும் வண்டி போகாது. அதனால் மலைப் பீரங்கியைப் பாகம் பாகமாகக் கழற்றுவார்கள். கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றுவார்கள். போக வேண்டிய இடத்துக்குப் போனதும் இறக்கிப் பூட்டுவார்கள். ஒரு பீரங்கிக்கு எட்டுக் கழுதைகள்கூட வேண்டியிருக்கும். பிரித்துப் பூட்டும் வேலையைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். ஒரு பீரங்கியைச் சுற்றி வேலை செய்பவர்கள் ஒரு குடும்பம் மாதிரி. சேர்ந்து சுமப்பார்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள். உம்ராவ் சிங் அப்படி ஒரு பீரங்கிக் குழுவின் தலைவர். ஹவில்தார் என்பது அவர் பதவி.

1944 டிசம்பர்

பர்மா நமக்குத் தெரியாத ஊர் இல்லை. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. அங்கே பிழைக்கப் போயிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கால்நடையாகவே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். வழியில் பலர் இறந்தார்கள். இன்று அந்த நாட்டின் பெயர் மியான்மர்.

பர்மாவின் மேற்குப் பகுதியில் கலாடன் என்று ஓர் ஆறு ஓடுகிறது. 1944 டிசம்பர் மாதம் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் சண்டை நடந்தது. உம்ராவ் சிங்கின் பீரங்கிக் குழு முன்வரிசையில் இருந்தது. அவர்களோடு ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் இருந்தார்கள். இன்று கானா என்று சொல்கிறோமே, அந்த நாட்டுக்காரர்கள். எங்கோ பிறந்தவர்கள் எல்லாம் அந்தக் காட்டில் வந்து சேர்ந்திருந்தார்கள்.

டிசம்பர் 15ஆம் தேதியும் 16ஆம் தேதியும் நடந்தது இது. முதலில் ஜப்பான் படை ஒன்றரை மணி நேரம் குண்டு பொழிந்தது. பிறகு காலாட்படை பாய்ந்து வந்தது. குறைந்தது இரண்டு கம்பெனி. ஒரு கம்பெனி என்றால் நூறு பேருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உம்ராவ் சிங் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். தன் ஆட்களையும் சுடச் சொல்லி வழிநடத்தினார். அவர் மேல் இரண்டு கையெறி குண்டுகள் வெடித்துக் காயம் பட்டது. முதல் தாக்குதல் நின்றது. இரண்டாம் தாக்குதல் வந்தது. அது முடிந்தபோது அவருடைய குழுவில் மூன்று பேர்தான் மிச்சம். மற்றவர்கள் செத்துவிட்டார்கள். மூன்றாம் தாக்குதல் தொடங்கியது. தோட்டாவும் தீர்ந்துவிட்டது.

பீரங்கியைத் தூக்க ஓர் இரும்புத் தடி வைத்திருப்பார்கள். ஏறக்குறைய நம் கடப்பாரை மாதிரி. உம்ராவ் சிங் அதைக் கையில் எடுத்தார். நெருங்கி வந்தவர்களோடு கைச்சண்டை போட்டார். மூன்று பேரை வீழ்த்தியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பிறகு அவர் மேல் அடி மழையாக விழுந்தது.

ஆறு மணி நேரம் கழித்து நம் பக்கத்துப் படை அந்த இடத்தைத் திரும்பப் பிடித்தது. பீரங்கியின் அருகே அவர் நினைவில்லாமல் கிடந்தார். தலையில் பட்ட காயத்தால் முகம் அடையாளமே தெரியவில்லை. கையில் அந்த இரும்புத் தடியைப் பிடித்தபடியே இருந்தார். சுற்றிலும் பத்து ஜப்பான் சிப்பாய்கள் இறந்து கிடந்தார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். பீரங்கி கெடவில்லை. அன்றைக்கே அதை மறுபடி சுட்டார்கள்.

கடப்பாரைச் சண்டையைச் சொன்னால் எங்கள் படிப்பு மையத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. காலையில் அவரோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் மாலையில் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதக்கத்தில் என்ன எழுதியிருக்கும்?

அவருக்குக் கிடைத்த பதக்கத்தின் பெயர் விக்டோரியா கிராஸ். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் இதுதான். 1856இல் விக்டோரியா ராணி தொடங்கி வைத்தார். முதலில் இந்தியச் சிப்பாய்களுக்கு இதைக் கொடுக்கவில்லை. 1911க்குப் பிறகுதான் இந்தியர்களும் பெறலாம் என்று ஆனது. 1945 அக்டோபரில் உம்ராவ் சிங் லண்டன் போனார். ஆறாம் ஜார்ஜ் மன்னர் அரண்மனையில் வைத்துப் பதக்கத்தைக் கொடுத்தார்.

பதக்கம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. திருப்பிப் பார்த்தால் எழுத்து தெரியும். பெற்றவரின் பெயர் இருக்கும். அவருடைய படைப்பிரிவு இருக்கும். சண்டை நடந்த தேதி இருக்கும். ஒரே ஒரு பெயர்தான். பக்கத்தில் நின்று செத்தவர்களின் பெயர்களுக்கு அதில் இடம் கிடையாது.

மியான்மரில் யாங்கூன் நகருக்கு வடக்கே தௌக்கியான் என்ற இடத்தில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. பர்மாப் போரில் இறந்து, கல்லறை எங்கே என்றே தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் அங்குள்ள தூண்களில் வெட்டப்பட்டுள்ளன. சிங், கான், ராம் என்று வரிசை வரிசையாகப் போகும். ஊரிலிருந்து அங்கே போய்ப் படிக்க அந்தக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு முடியும்?

பணம் எவ்வளவு வந்தது?

சுதந்திரத்துக்குப் பிறகு உம்ராவ் சிங் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தார். சுபேதார் மேஜர் ஆனார். கௌரவ கேப்டன் என்ற மதிப்பும் கிடைத்தது. ஓய்வு பெற்றதும் பால்ராவுக்கே வந்து பயிர் செய்தார்.

விக்டோரியா கிராஸ் பெற்றவர்களுக்குப் பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும். 1959இல் அதை 100 பவுன் என்று வைத்தார்கள். பவுன் என்றதும் நகைக்கடைப் பவுன் என்று நினைத்துவிட வேண்டாம். இது பிரிட்டன் நாட்டுப் பணம். நமக்கு ரூபாய் மாதிரி அவர்களுக்குப் பவுன். (அந்தக் காலத்தில் அவர்களுடைய ஒரு பவுன் தங்கக் காசாக இருந்தது. அதிலிருந்துதான் நம் நகைக்கடைக்கும் அந்தச் சொல் வந்தது.)

1995இல் ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 50 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பவுன் என்றால் 5,000 ரூபாய். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு நானூற்றுச் சொச்சம். விலைவாசி ஏறிக்கொண்டே போனது. அந்த 100 மட்டும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது.

1995இல் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழா லண்டனில் நடந்தது. உம்ராவ் சிங் போயிருந்தார். முக்கிய விருந்தினர் இடத்தில் அவரை உள்ளே விடவில்லை. பட்டியலில் பெயர் இல்லையாம்! ஒரு ராணுவ அதிகாரி அவர் மார்பில் இருந்த பதக்கத்தைப் பார்த்தார். அப்புறம்தான் வழி கிடைத்தது.

அந்தச் சமயத்தில் பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜரிடம் அவர் தொகையைப் பற்றிப் பேசினார். இந்தத் தொகை போதாது என்று சொன்னார். தனக்காக மட்டும் அல்ல. இந்தியாவில் உயிரோடு இருந்த மற்றவர்களுக்காகவும் கேட்டார். அந்த ஆண்டே தொகை 1,300 பவுனாக உயர்ந்தது. பதின்மூன்று மடங்கு. வாயைத் திறந்து கேட்டதில் ஒரு தவறும் இல்லை. அது பிச்சை அல்ல, சேர வேண்டிய பாக்கி.

பதக்கம் பெற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற லட்சக்கணக்கானவர்களுக்கு என்ன ஆயிற்று? சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் பொதுவாகப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். போருக்காகச் சேர்ந்தவர்களை ஐந்தாறு ஆண்டுகளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. பின்னாளில் பல மாநில அரசுகள் அவர்களுக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும் மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. அதை வாங்க டிஸ்சார்ஜ் புத்தகம் வேண்டும். பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் புத்தகம் அது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய பட்டாளத்துக்காரர் இருக்கலாம். அவர் எந்தப் போரில் இருந்தவராகவும் இருக்கட்டும். டிரங்குப் பெட்டியில் இருக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் வாங்கும்போது அலைய வேண்டி வரும். அவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுவது சுலபம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஊர் வாழ்க்கை

இப்போது பால்ராவுக்குத் திரும்புவோம். அந்தப் பக்கத்து ஊர்களில் மழைக்காலத்தில் கம்பு. குளிர்காலத்தில் கோதுமை, கடுகு. கடுகு பூத்தால் வயல் முழுவதும் மஞ்சளாக இருக்கும். விடியற்காலையில் எருமை கறக்க வேண்டும். கம்பு ரொட்டி, கடுகுக் கீரை, மோர். நம் ஊர்க் கம்பங்கூழுக்கு உறவுக்காரச் சாப்பாடுதான். குளிர் நாளில் வெயில் ஏறியதும் பெரியவர்கள் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு உட்காருவார்கள். பேரப் பிள்ளைகள் சுற்றி ஓடும். விளைச்சல், கல்யாணம், மழை என்று பேச்சு போகும்.

உம்ராவ் சிங் திரும்பி வந்தது இந்த வாழ்க்கைக்குத்தான். 1983இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. அதற்குப் பிறகும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. டெல்லி பக்கத்தில்தான் இருந்தது. போக வேண்டும் என்று நினைத்திருந்தால் போயிருக்கலாம்.

பதக்கத்தைக் கேட்டு ஆட்கள் வந்தது இங்கேதான். பழைய பதக்கங்களைச் சேர்த்து வைக்கும் பணக்காரர்கள் உலகில் பலர். விக்டோரியா கிராஸ் ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கில் விலை போகும். அந்தப் பணத்தில் நிலம் வாங்கலாம். வீட்டை எடுத்துக் கட்டலாம்.

உம்ராவ் சிங் சொன்ன காரணம் இது. போரில் விழுந்தவர்களின் மானத்துக்கு அது களங்கம் ஆகிவிடும்.

தன் வீரத்தைப் பற்றி அவர் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பதக்கத்தின் பின்னால் எழுதியிருந்தது அவர் பெயர்தான். ஆனால் அதில் அவருக்கு மட்டும் பங்கு இருப்பதாக அவர் நினைக்கவில்லை. பங்காளிகளைக் கேட்காமல் பொது நிலத்தை ஒருவர் விற்க முடியுமா? அவருடைய பங்காளிகள் கலாடன் ஆற்றங்கரையில் இறந்துவிட்டார்கள். அவர்களிடம் போய்க் கேட்க வழியில்லை. நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வீட்டில் இருந்தவர்களுக்கு இது சுலபமாக இருந்திருக்காது. பணம் தேவைப்படும் வீட்டில், விலை போகும் பொருளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இருப்பது லேசான காரியம் இல்லை.

2005 நவம்பர் 21ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்று இந்தியாவில் உயிரோடு இருந்தவர்களில் அவரே கடைசி ஆள். உடலைப் பால்ராவுக்குக் கொண்டு வந்தார்கள். ராணுவ மரியாதையோடு எரியூட்டினார்கள். ராணுவத் தலைமைத் தளபதி வந்திருந்தார். மாநில முதலமைச்சர் வந்திருந்தார். கோதுமை விதைக்கும் மாதம் அது.