கொல்லுலைப் புகையும் மேல்காற்றும்

உழவுக்குரிய கருவிகளுள் பெரும்பாலானவை கொல்லன் உலையில் பிறந்து, ஆண்டுக்குப் பன்முறை அங்கேயே திரும்பிச் சென்று கூர் பெறுவன என்பதை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. டிராக்டர் வந்த பின்னரும் இந்நிலை முற்றும் மாறிவிடவில்லை. மண்வெட்டி, களைக்கொத்து, கதிரரிவாள், கடப்பாரை, கொழு ஆகியவற்றைக் கடையில் புதிதாக வாங்கினாலும், தேய்ந்தபின் அடித்துக் கூராக்கித் தோய்ச்சல் ஏற்றுவதற்கு உள்ளூர்ப் பட்டறையே துணை. ஆனால் அப்பட்டறைக்குள் கால்மணி நேரம் நின்று பார்த்த நிலக்காரர் எத்தனை பேர்? கண் எரிச்சல் தாளாது பெரும்பாலோர் வாசலிலேயே கருவியைக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றனர். அங்கே நாள் முழுவதும் நிற்கும் கொல்லாசாரியின் மார்பும் கண்ணும் என்னவாகும் என்பதும், அவர் மகன் அத்தொழிலை ஏன் நாடுவதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

தென்காசி ஜில்லாவைச் சேர்ந்த சுரண்டைப் பக்கத்தில் இத்துன்பம் மற்ற இடங்களைக் காட்டிலும் மிகுதி. அதற்குக் காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவில் ஒரு கணவாய் உண்டு. 1904-ல் கொல்லத்து இருப்புப்பாதை அவ்வழியேதான் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மலையால் தடுக்கப்பட்டு, இவ்விடைவெளியில் நெருக்கமுற்று, கீழ்ப்புறச் சமவெளியில் வேகமாகப் பாய்கின்றது. குற்றாலத்தில் சாரலாக நாம் கொண்டாடும் அதே காற்றுத்தான் சுரண்டை, பாவூர்சத்திரம், கடையநல்லூர் வட்டாரங்களில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளைச் சுழற்றுவது. வைகாசி முடிவில் தொடங்கி ஆனி, ஆடி, ஆவணி வரை ஓயாது வீசும் இக்காற்றும், கார்ப் பருவ உழவுக்காகப் பட்டறையில் வேலை குவியும் காலமும் ஒன்றாகவே அமைவது நம் தீவினை எனலாம்.

புகை மேலெழுவதற்குக் காரணம் யாது? சூடேறிய காற்று இலேசானது. கூண்டுக்குள் நிற்கும் இலேசான காற்றுக்கும் வெளியே நிற்கும் கனத்த காற்றுக்கும் உள்ள எடை வேற்றுமையே இழுப்பு எனப்படும். கூண்டின் உயரமும் உட்காற்றின் சூடும் மிகுமளவு இழுப்பும் மிகும். வெளியே 30 டிகிரி, கூண்டுக்குள் 150 டிகிரி சென்டிகிரேடு சூடு என்று வைத்துக்கொண்டால், 13 அடி உயரமுள்ள கூண்டின் இழுப்பு, நீர் மட்டத்தை ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் உயர்த்தும் அழுத்தத்திற்குச் சமமாகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சுவரின்மீது மோதும்போது உண்டாகும் அழுத்தமோ ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். ஆக, காற்றின் பலத்தில் கால்பங்கு எதிராகத் திரும்பினாலே உலையின் இழுப்பு தோற்றுவிடும். கூண்டு கட்டியும் புகை போகவில்லை என்று இப்பகுதியில் கூறுவோரின் குறைக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கின்றது.

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மேல்காற்று உலைத்தீயைக் கலைப்பதால் ஆசாரிமார் மேற்குக் கதவை இறுக அடைத்து, கிழக்கு வாசலை மட்டும் திறந்து வைப்பது வழக்கம். இது நியாயமாகவே தோன்றும். ஆயினும் புகை முன்னிலும் மிகும். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும் காற்று, அதன் கிழக்குப் புறத்தில் வெறுமை உண்டாக்கி உறிஞ்சுகின்றது. அந்தப் பக்கம் மட்டும் திறந்திருந்தால் பட்டறையின் உட்காற்று வாசல் வழியே வெளியே இழுக்கப்படும். மேற்கில் வழியில்லாமையால் அக்குறையை நிரப்பக் காற்று எவ்வழி வரும்? கூண்டின் வழியேதான் இறங்கி வரும். வரும்போது புகையையும் கூடவே கொண்டு வரும். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் 1785-ல் கப்பற் பிரயாணத்தின்போது புகைக்கூண்டுகளைப் பற்றி எழுதிய நீண்ட கடிதத்தில், புகை அறைக்குள் திரும்புவதற்கான காரணங்களுள் முதலாவதாக வைத்தது, அறைக்குள் காற்று வர வழியில்லாமையையே. குளிர்நாட்டாருக்குக் கூறிய அது, கதவடைத்த சுரண்டைப் பட்டறைக்கும் பொருந்துகின்றது.

ஆகவே கூண்டை உயர்த்துமுன் செய்யத்தக்கது, மேற்குச் சுவரின் அடியில், தரைக்குச் சற்று மேலே, கூண்டுக் குழாயின் வாய்ப்பரப்பைப்போல் இருமடங்கு அளவில் ஒரு துவாரம் விடுவதேயாம். 11 அங்குலக் குழாய்க்கு 12 அங்குல உயரமும் 16 அங்குல அகலமும் போதும். துவாரத்திற்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி, இடுப்பளவு உயரத்தில் ஒரு குறுஞ்சுவர் எழுப்பினால் காற்று நேராகப் பாயாது. வேகம் அடங்கி உள்ளே வரும். உலைமேடை அத்துவாரத்திற்கும் வாசலுக்கும் நேர்கோட்டில் இருத்தல் கூடாது. காற்று மிகுந்த நாட்களில் கிழக்குக் கதவைப் பாதி சாத்திவைக்க வேண்டும். பலன் தெரிய ஓர் ஊதுபத்தியே போதும். அதைப் புகைவாயருகே பிடித்து, கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தும் மூடியும் பார்த்தால், அதன் புகை உள்ளே இழுக்கப்படுகிறதா, முகத்தில் அடிக்கிறதா என்பது உடனே புலப்படும். செலவு செய்யுமுன் இச்சோதனையைச் செய்யாதவர் பணத்தை வீணாக்குவர்.

அடுத்தது புகைவாய். உலைக்கு மேல் மூன்றடி உயரத்தில் குடைபோலத் தகட்டைக் கவிழ்ப்பது எங்கும் காணும் முறை. அவ்வளவு உயரத்திலுள்ள குடை, புகையைவிடப் பட்டறையின் குளிர்ந்த காற்றையே அதிகம் விழுங்கும். 150 டிகிரியாக இருக்கவேண்டிய காற்று கலப்பினால் 60 டிகிரியாகக் குறைந்தால், இழுப்பு மூன்றில் ஒருபங்காகிவிடும். இதற்கு மாறாகக் கூண்டைத் தரையிலிருந்தே உலைமேடையை ஒட்டி எழுப்பி, தீக்கு அருகே, மேடை மட்டத்திற்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, 12 அங்குல அகலமும் 10 அங்குல உயரமுமாகப் பக்கவாட்டில் ஒரு வாய் வைத்தல் மேலானது. புகை எழுவதற்கு முன்பே அது பக்கவாட்டில் இழுக்கப்படும். நீண்ட இரும்பைத் திருப்பி அடிக்க ஆசாரிக்குத் தலைக்குமேல் தடையும் இராது.

குழாய் 10 அங்குல விட்டத்திற்குக் குறையலாகாது. 12 அங்குலம் உத்தமம். ஆறங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு பன்னிரண்டங்குலக் குழாயின் கால்பங்கே என்பதை மறந்து, மலிவு கருதிச் சிறு குழாய் வைப்போர் பலர். இயன்றவரை வளைவின்றி நேராகச் செல்லவேண்டும். உச்சி, கூரை முகட்டிற்கு மேல் மூன்றடியாவது உயர்ந்து நிற்பது அவசியம். முகட்டிற்குக் கீழே நின்றால் முகட்டைத் தாண்டிச் சுழன்று விழும் காற்று புகையை அமுக்கும்; மேலே நின்றாலோ ஓடும் காற்றே புகையை உறிஞ்சும், பகைவன் துணைவனாவான். அருகில் மாடிவீடோ அடர்ந்த புளியமரமோ இருந்தால் இந்த அளவு போதாது. மழைக்காக மூடி வைப்போர், குழாயின் விட்டத்தில் பாதியளவாவது இடைவெளி விட்டு வைக்க. மேல்காற்று ஒரே திசையில் வீசுவதால், உச்சியில் தெற்கு வடக்காக இரு கைகள் நீட்டிய குறுக்குக் குழாயைப் பொருத்துவதும் இப்பகுதிக்கு ஏற்றதே. காற்று எந்த வாயிலும் நேரே புகாது.

இரும்புத் தகடு வாங்க வசதியில்லாதார் 200 லிட்டர் பீப்பாயைப் பயன்படுத்தலாம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 6 அடி. உயரம் 3 அடிக்குச் சற்றுக் குறைவு. நெடுக்கில் இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் சுருட்டினால் 11 அங்குலக் குழாய்த் துண்டுகள் இரண்டு கிடைக்கும். இரண்டு பீப்பாய்களில் 11 அடிக் கூண்டு ஆயிற்று. ஆனால் பெட்ரோல், எண்ணெய், பெயிண்டு முதலியன இருந்த பீப்பாயைத் தொடவே வேண்டா. காலியாகத் தோன்றினும் உள்ளே தங்கிய ஆவி, வெட்டும் நெருப்புப் பட்டு வெடிக்கும். பூச்சிமருந்துப் பீப்பாயும் ஆகாது. துத்தநாகம் பூசிய தகடும் தீக்கு அருகில் கூடாது. மிகச் சூடேறினால் அதன் ஆவி காய்ச்சலை உண்டாக்கும்.

மரக்கரி மட்டும் எரிப்பவர்கள், தங்கள் உலையில் புகையே இல்லை, ஆகவே கூண்டு எதற்கு என்று கேட்பதுண்டு. இது அபாயமான எண்ணம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும் தன்மையது. மாலையில் தலைவலியும் குமட்டலும் வந்தால் ஆசாரி வெயிலைக் குறை கூறுகின்றார். குற்றவாளி பெரும்பாலும் உலையே.

ஓலை வேய்ந்த கூரையைக் குழாய் துளைத்துச் செல்லுமிடத்தில், நான்கடிச் சதுர அளவுக்கு ஓலையை நீக்கித் தகடு போடுதல் வேண்டும். குழாய்க்கும் எரியக்கூடிய எப்பொருளுக்கும் இடையே ஒன்றரை அடி இடம் இருக்கட்டும். பட்டறைக்குக் கிழக்கே வைக்கோற்படப்பு இருந்தால், ஆனி பிறக்குமுன் அதை இடம் மாற்றுவது நிலக்காரரின் கடமை. கூண்டு நன்கு இழுக்கும்போது பொறியும் உயரப் பறக்கும். உச்சியில் அரையங்குலக் கண்ணுள்ள கம்பிவலை கட்டலாம். அது கரியால் அடைபடுமாதலால் வாரந்தோறும் தட்டிவிட வேண்டும்.

செலவை யார் ஏற்பது? முற்காலத்தில் அறுவடைக் களத்தில் நெல்லளந்து கொல்லருக்குக் கூலி கொடுத்த ஊர்களில், பட்டறையை ஊரின் பொதுச் சொத்துப்போலப் பேணினர். இன்று ரொக்கக் கூலி வந்தபின், கொட்டகை பழுதானால் அது ஆசாரியின் பாடு என்றாகிவிட்டது. பட்டறையின் இடம் நிலக்காரருடையதாயின் துவாரமும் குறுஞ்சுவரும் அவரே கட்டித் தருதல் முறை. இரண்டும் ஒரு கொத்தனாரின் ஒருநாள், இருநாள் வேலை. புறம்போக்கில் உள்ள பட்டறைகளுக்கு ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் முன்னின்று, கூண்டும் கூரைத்தகடும் அமையச் செய்யலாம்.

ஆண்டுதோறும் வைகாசியில், நீண்ட மூங்கிலில் கோணித்துணி சுற்றிக் கூண்டுக்குள் ஏற்றி இறக்கிக் கரியை உதிர்க்க வேண்டும். சாரல் நாட்களில் குளிர்ந்து ஈரமாயிருக்கும் கூண்டு தொடக்கத்தில் இழுக்காது. உலை மூட்டுமுன் ஒருபிடிக் காய்ந்த பனையோலையைப் புகைவாய்க்குள் கொளுத்தினால் அது சூடேறிவிடும். மின்சார ஊதுவிசிறியைத் தீ நன்கு பற்றும் வரை மெல்ல ஓட்டுக.