பத்து ரூபாய்க் காந்தி

தேவாரத்திலிருந்து சென்னைக்குக் கடிதம் அனுப்ப ஒன்றரை அணா போதுமாயிருந்த 1948இல், நூறு கடிதங்களின் செலவையும் மிஞ்சும் பத்து ரூபாய் மதிப்பில் ஓர் அஞ்சல்தலை வெளிவந்தது. விடுதலையின் முதலாண்டு நிறைவான ஆகஸ்ட் 15 அன்று வெளியான நான்கு காந்தி தலைகளுள் உயர்ந்த மதிப்புடைய அது, ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானது. கதர் வாழ்வு வாழ்ந்தவரின் உருவம் அயல்நாட்டில் அச்சேறியது நெஞ்சை உறுத்தவே செய்கிறது.

இத்தலைகளில் நூறு தொகுதிகள் மட்டும், அரசு அலுவல் கடிதங்களுக்கானவை என்பதைக் குறிக்கும் 'சர்வீஸ்' என்னும் மேலச்சு, அதாவது அச்சான தலையின்மீது பின்னர் பொறிக்கப்படும் எழுத்து, இடப்பெற்றுக் கவர்னர் ஜெனரலின் பயன்பாட்டிற்கு அளிக்கப்பட்டன. அவற்றுள் பத்து ரூபாய்த் தலைகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளமையால், பிரிக்கப்படாத நான்கு தலைகள் 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலைபோயின. மேலச்சைப் போலியாகப் பொறிப்பது எளிதாதலால், வல்லுநர் சான்றிதழின்றி இத்தலையை வாங்கலாகாது.