ஒரே தண்டவாளம், இரண்டு கம்பெனி

நியூயார்க்கின் லாங் ஐலண்ட் தீவில் பயணிகள் ரயில் ஓட்டுவது லாங் ஐலண்ட் ரெயில் ரோடு. 1834-இல் தொடங்கியது, இப்போது அரசுடைமை. 2019-இல் மட்டும் அதில் 9 கோடிப் பயணங்கள். ஆனால் அந்தத் தீவுக்கு மரமும் மாவும் ஜல்லியும் ரயிலில் வந்தால், இழுத்து வருவது வேறு இன்ஜின். 1997 மே மாதம் சரக்குப் பிரிவை நியூயார்க் அண்ட் அட்லாண்டிக் என்ற தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

பிரிந்தது தொழில்தான், பாதை அல்ல. தண்டவாளம், சிக்னல், கட்டுப்பாட்டு அறை எல்லாம் பயணிகள் கம்பெனியிடமே இருக்கின்றன. சரக்குக் கம்பெனி அங்கே குடித்தனக்காரர். காலை, மாலை நெரிசல் நேரத்தில் அதன் டீசல் இன்ஜின்கள் ஒதுங்கிக்கொள்ளும். இடைவேளையிலும் இரவிலும்தான் பெரும்பாலும் வழி கிடைக்கும். புரூக்ளினுக்குள் போகும் பே ரிட்ஜ் கிளையில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. அங்கே 1924-இலேயே பயணிகள் ரயில் நின்றுவிட்டது.

என் கணக்கில் இது நல்ல பிரிவினை. நிமிடக் கணக்கில் அட்டவணை ஓட்டுகிறவர்களுக்கு, மரக்கடைக்காரரிடம் போய் இரண்டு வேகன் சரக்குக்குப் பேரம் பேசப் பொறுமை இருக்காது.

உண்மையான சிக்கல், நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஓடும் ஹட்சன் ஆறு. அதன் அடியில் 1910-இல் திறந்த சுரங்கப் பாதைகள் பயணிகள் ரயிலுக்கு மட்டுமே. நியூ ஜெர்சியிலிருந்து வரும் வேகன், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தாலும், வடக்கே 225 கிலோமீட்டர் தாண்டி செல்கர்க் அருகே ஆற்றைக் கடந்து, மறுகரை வழியாகத் திரும்பி, ஹெல் கேட் பாலம் ஏறி, குயின்ஸில் உள்ள ஃபிரெஷ் பாண்ட் யார்டுக்கு வரவேண்டும்.

குறுக்கு வழி ஒன்று உண்டு: படகு. மேல்தளத்தில் தண்டவாளம் பதித்த பார்ஜில் வேகன்களை ஏற்றி, இழுவைப் படகு துறைமுகத்தைத் தாண்டி மறுகரை சேர்த்துவிடும். ஒரு தடவைக்கு 14 வேகன், பெரிய பார்ஜில் 18. ஏற்றுவதுதான் வேடிக்கை. கரையையும் பார்ஜையும் இணைக்கும் அசையும் பாலத்தின் மேல் இன்ஜின் ஏறாது, எடை தாங்காது. நடுவில் காலி வேகன்களைக் கோத்துத் தூர நின்று தள்ளுவார்கள். ஒரே பக்கம் நிரப்பினால் பார்ஜ் சாய்ந்துவிடும். அதனால் எடையைப் பார்த்து இப்பக்கம் கொஞ்சம், அப்பக்கம் கொஞ்சம் என்று ஏற்றவேண்டும். இவ்வளவு பாடுபட்டும் தீவின் சரக்கில் மிகப் பெரும்பங்கு லாரியில்தான் வருகிறது.