வட்டின் வேகமும் வாய்மையும்

இன்று ஆசிரியர் மாணவர் வருகையைப் பதிவதும், தோட்டத்து ஆபீசில் கிராணி சம்பளக் கணக்கு எழுதுவதும் கணினித் தகவல் தளத்திலேயே. அப்பதிவுகளைத் தாங்குவது வட்டு. அதன் வேகத்தை விலைப்பட்டியலைக் கொண்டு மதிக்கலாமா? ஆகாது. அளந்தே அறிதல் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு நேரே வரச் சராசரி அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி ஆகும். முனை நகரும் நேரத்தையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் பதிவுகளில் நொடிக்கு நூறளவே படிக்கலாம். சோதனை ஆயிரக்கணக்கில் காட்டினால், விடை வட்டிலிருந்து வரவில்லை, நினைவகத்திலிருந்து வந்தது என்று அறிக. வகுப்பில் சொல்லிக்கொடுத்த வினாவையே தேர்விலும் கேட்பது போன்றது இது. ஆகவே, சோதனைக் கோப்பு நினைவகத்தைப்போல் இருமடங்காவது இருத்தல் நலம்.

1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும், வட்டுகள் பலவற்றை அணிசேர்க்கும் ‘ரெய்டு’ முறையை விளக்கினர். அதன் ஐந்தாம் வகையில் சிறு பதிவொன்றைத் திருத்த, பழைய பதிவையும் சரிபார்ப்புப் பதிவையும் படித்து, இரண்டையும் மீண்டும் எழுத வேண்டும். ஆக நான்கு செயல்கள். இரட்டைப் பிரதி முறையிலோ இரண்டே. படித்தலை மட்டும் சோதிப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

இனி, வாய்மை. தகவல் தளம் முதலில் குறிப்பேட்டில் எழுதுகிறது. பிறகே பேரேட்டைத் திருத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய சி. மோகன், துணைவர்களுடன் 1992-இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ முறை இவ்வகையில் புகழ்பெற்றது. குறிப்பு வட்டில் பதிந்த பின்னரே ‘ஆயிற்று’ எனல் முறை. ஒருவரே ஒவ்வொரு பதிவாக எழுதி உறுதி பெற்றால், மேற்சொன்ன வட்டில் நொடிக்கு ஏறத்தாழ 120-க்கு மேல் இயலாது. ஆயிரம் என்று காட்டினால், இடையில் யாரோ பதியுமுன்பே ‘ஆயிற்று’ என்கிறார்! மின்கலம் காக்கும் நினைவகம் இருப்பின் குற்றமில்லை. இல்லையேல், மின்சாரம் தடைப்படும் நொடியில் ஒரு தொழிலாளியின் கூலிக் கணக்கு மறைந்துபோகலாம்.

சுழலாத ஃபிளாஷ் வட்டுகளுக்கு இந்த 120 என்னும் எல்லை இல்லை. மற்ற எச்சரிக்கைகள் அவற்றுக்கும் உண்டு. சைபர்ஜெயாவின் தரவு மையமாயினும், கிள்ளானில் ஒரு கடையின் கணினியாயினும், ‘எவ்வளவு வேகம்?’ என்பதோடு ‘எழுதியது நிலைத்ததா?’ என்றும் கேட்பதே அறிவுடைமை.