விசர்நாய்: அச்சம் தீட்டிய சித்திரம்

மனிதனோடு மிக நெருங்கி வாழும் விலங்கு நாய். வீட்டைக் காப்பதும், வேட்டைக்குத் துணையாவதும், குழந்தைகளோடு விளையாடுவதும் அதுவே. அந்த நாயே ஒருநாள் நிலைதிரிந்து, சோறிட்ட கையைக் கடித்து, கடியுண்டவனின் உயிரையும் கொண்டுபோகும் என்றால், அதனினும் கொடிய காட்சி வேறு யாது? விசர்நாய்க் கடியைப் பற்றி மனிதன் சட்டங்களிலும், காவியங்களிலும், மருத்துவ நூல்களிலும், சித்திரங்களிலும் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறான். அவற்றில் அச்சம் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்பதை நாம் சற்றே ஆராய்வோம்.

இன்றைய ஈராக் தேசத்தில், பக்தாத் நகருக்கு அண்மையில், முன்னாளில் எஷ்ணுன்னா என்னும் அரசு விளங்கிற்று. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் அங்கு களிமண் பலகைகளில் எழுதப்பட்ட சட்டத்தொகுதியில் விசர்நாய் பற்றிய விதி ஒன்று உண்டு. நாய்க்கு விசர் என்று அதிகாரிகள் அறிவித்த பின்னரும் உடையவன் அதனை அடைத்து வையாதிருந்து, அது கடித்து ஒருவன் இறந்தால், உடையவன் 40 சேக்கல் வெள்ளி தண்டமாக இறுக்க வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 சேக்கல் போதும். உயிருக்கு இவ்வாறு விலை வகுத்தது நமக்குக் கூச்சம் தருகிறது. எனினும், எச்சரித்த பின்னும் வாளாவிருந்தவனே குற்றவாளி என்ற தெளிவு அக்காலத்திலேயே இருந்தமை வியப்புக்குரியது. இலங்கையிலும் 1893ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் கண்ட இத்தெளிவைக் காவியமும் மருத்துவமும் எளிதில் எய்தவில்லை. கிரேக்க மகாகவி ஹோமரின் இலியட் காவியத்தில், திரோய் நகர வீரனான ஹெக்டரை அவன் பகைவன் விசர்நாய்க்கு ஒப்பிடுகிறான். போர்வெறிக்கும் நாயின் விசருக்கும் கிரேக்கர் ‘லிஸ்ஸா’ என்னும் ஒரே சொல்லையே வழங்கினர். இந்நோய்க் கிருமியின் இனத்திற்கு விஞ்ஞானிகள் இன்று இட்டிருக்கும் லிஸ்ஸாவைரஸ் என்ற பெயரும் அச்சொல்லிலிருந்து பிறந்ததேயாகும்.

உரோமாபுரியினர் நாய்விண்மீன் எரிக்கும் கோடை நாட்களிலே நோயின் காரணத்தைத் தேடினர். நாயின் நாக்கின் கீழ் ஒரு புழு உண்டென்றும், அதனை அறுத்தெறிந்தால் விசர் வாராதென்றும் பிளினி எழுதி வைத்தார். செல்சஸ் என்பார், நீரைக் கண்டு நடுங்கும் நோயாளியை அவன் எதிர்பாராத வேளையில் குளத்திலே தள்ளும்படி கூறினார். பிற்காலத்து ஐரோப்பாவிலோ, புனித ஹூபேர்ட்டின் பெயரால் வழங்கிய இரும்புத் திறவுகோலைக் காய்ச்சிக் காயத்திற் சுட்டனர்.

பாரதநாட்டுச் சுஸ்ருத சங்கிதை காட்டும் சித்திரம் இவற்றினும் நுட்பமானது. விசர்கொண்ட விலங்கின் வாலும் தாடையும் தொங்குவதையும், வாயில் நீர் வடிவதையும் அந்நூல் குறிக்கிறது. கடியுண்டவன் நீருக்கு அஞ்சுவானாயின் பிழைப்பது அரிது என்கிறது. நீரிலோ கண்ணாடியிலோ தன்னைக் கடித்த விலங்கின் உருவத்தைக் காண்பதும் மரணத்தின் அறிகுறி எனச் சொல்கிறது. நீர்ப்பரப்பிலே நாயைக் காணும் நோயாளி! அச்சம் இதனினும் பயங்கரமான சித்திரத்தைத் தீட்டியதுண்டோ? விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் வேதனையோடு இறுகுவதனாலேயே நோயாளி நீரை வெறுக்கிறான் என்பது இன்று நாம் அறிந்த உண்மை. பண்டை மருத்துவர் கண்ட காட்சி பொய்யன்று. அதன் காரணமே அவர்களுக்குப் புலப்படவில்லை.

ஆங்கிலக் கவிஞர் கோல்ட்ஸ்மித் 1766இல் வெளியிட்ட ஒரு பாடலிலே, கடியுண்டவன் இறப்பான் என்று ஊரார் புலம்ப, கடித்த நாயே இறந்துபோகிறது. அச்சத்தையும் நகைக்கலாம் என்பதற்கு அது சான்று. ஹார்ப்பர் லீ என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1960இல் வெளியிட்ட நாவலிலோ, விசர்நாய் வரும் வீதி வெறிச்சோடுகிறது. துப்பாக்கி வெடித்ததும் ஆபத்து நீங்குகிறது. இத்தகைய கதைகளிலெல்லாம் நாம் காண்பது நாயையே. கடியுண்ட பின் வரும் நாட்களை எழுதியோர் சிலரே.

இடையிலுள்ள நாட்கள்

ஆயின் உயிர் காக்கும் வழி அந்த நாட்களிலேதான் இருக்கிறது. நோய் உமிழ்நீரால் பரவுகிறது என்பதை 1804இல் ஜெர்மானியராகிய சிங்கே சோதனையாற் காட்டினார். உமிழ்நீரோடு காயத்திற் புகும் வைரஸ், நரம்புகளின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை நாடுகிறது. இப்பயணத்திற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். சிலவேளை ஒரு வாரத்திலும் முடியலாம். மூளையை அடைந்து குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்போர் மிக மிக அரியர். கடிக்கும் நோய்க்கும் இடையிலுள்ள இந்த அவகாசத்தையே பிரான்ஸ் தேசத்து மேதை லூயி பாஸ்டர் ஆயுதமாகக் கொண்டார்.

1885 யூலை 6ஆம் நாள், அல்சாஸ் மாகாணத்திலிருந்து ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனைத் தாயார் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். இரு நாட்களுக்கு முன் விசர்நாய் அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. நோயுற்ற முயல்களின் முள்ளந்தண்டு வடத்தை உலர்த்தி, நஞ்சின் வலி குன்றச் செய்த மருந்தைப் பாஸ்டர் தெரிந்தெடுத்தார். அவர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லராதலின், டாக்டர் கிராஞ்சே என்பாரே ஊசி குத்தினார். 13 ஊசிகளின் பின் சிறுவன் நலமே வீடு திரும்பினான்.

அதே ஆண்டு ஒக்டோபரில், ஜுரா மலைப்பகுதியில் ஜுப்பில் என்ற ஆயர் சிறுவன், தன்னிலும் இளையோர் தப்பி ஓடும்படி விசர்நாயை எதிர்த்து நின்றான். சவுக்கினால் அதன் வாயைக் கட்டி, மரக்காலணியால் அடித்துக் கொன்றான். கடியுண்டு ஆறு நாட்கள் கழிந்து சிகிச்சை தொடங்கியும் அவன் பிழைத்தான். பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்தில், அவன் நாயோடு போராடும் சிலையை இன்றும் காணலாம். நாயை மாத்திரமே கண்ட சித்திரங்களின் நடுவே, பிறரைக் காக்க நின்ற பிள்ளையைக் காட்டும் அச்சிலை தனித்துவமானது.

ஆயினும் நவம்பரில் கொண்டுவரப்பட்ட லூயிஸ் பெல்லெத்தியே என்னும் 10 வயதுச் சிறுமி பிழைக்கவில்லை. அவள் கடியுண்டு 37 நாட்கள் கடந்திருந்தன. காலம் தாழ்ந்தது என்று அறிந்தும் பாஸ்டர் அவளைக் கைவிட மனமின்றிச் சிகிச்சை செய்தார். மருந்து ஒன்றே, ஒரு பிள்ளை வாழ்ந்தது, ஒரு பிள்ளை மாண்டது. இடையே நின்றது காலம்.

நாம் செய்யவேண்டியது

உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. கடியுண்போரில் சிறுவர் பலர். பெற்றோரின் ஏச்சுக்கு அஞ்சிக் கடியை மறைக்கும் பிள்ளையும் உண்டு. வயிற்றில் நாள்தோறும் குத்திய பழைய ஊசிகளின் கதையைக் கேட்டு வைத்தியசாலைக்கு அஞ்சுவோரும் உளர். அந்த ஊசிகள் மறைந்து நெடுநாட்களாயின. இன்று புயத்திலே சில ஊசிகள் போதும். கடும் காயமாயின் அதனோடு நோயெதிர்ப்புச் சீரமும் இடுவர்.

கடித்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவுதல் வேண்டும். மஞ்சள், மிளகாய், பச்சிலை முதலியவற்றைக் காயத்தில் அப்புதல் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சிறு கீறலையும், குட்டிநாயின் கடியையும் அற்பமென எண்ணலாகாது. வீட்டு நாய்க்கு ஆண்டு தவறாது தடுப்பூசி இடுவது உடையவனின் கடன்.

பாஸ்டர் மறைந்த செப்டெம்பர் 28ஆம் நாள், உலக விசர்நாய்க்கடி நோய்த் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. அந்நாளில் மட்டுமன்றி எந்நாளிலும், நாய் கடித்தது என்று அழுதுகொண்டு வரும் பிள்ளையை ஏசாது, முதலில் கிணற்றடிக்கும் பின்னர் வைத்தியரிடத்தும் அழைத்துச் செல்வோமாக.