ப்ரீசெட்டுக்குப் பூட்டு: எது நிற்கும், எது நிற்காது

ஒலிக்கூடத்தில் ஒருவர் பார்த்துப் பார்த்து அமைத்த ரிவெர்பை, அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர் கைதவறி மாற்றிச் சேமித்துவிட்டுப் போகலாம். அல்லது பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போகலாம். இரண்டுமே உழைத்தவருக்கு இழப்புதான். ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. மாற்றாமல் காப்பது எளிது. ஆனாலும் பெரும்பாலும் அதைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். நகலெடுக்காமல் காப்பதோ ஏறக்குறைய ஆகாத காரியம். கவலை முழுவதும் அதன்மேல்தான் போகிறது.

முதலில் எளிதானது. யாமஹா 1985-இல் கொண்டுவந்த எஸ்பிஎக்ஸ்90 என்ற எஃபெக்ட் கருவியில் 90 இடங்கள் இருந்தன. முதல் 30 தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டவை. அவை அழிக்க முடியாத நினைவகத்தில் இருந்தன. மீதி 60 இடங்களில்தான் நாம் எழுதலாம். அதற்கும் முன்பே, 1978-இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைஸரின் பின்புறத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளி வைத்தால் என்ன திருகினாலும் நினைவகத்தில் எதுவும் பதியாது. மேடையில் அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்தினாலும் ஒலி பத்திரம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ப்ரீசெட்டை, அதாவது பெயரிட்டுச் சேமித்து வைத்த அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் கருவி அதன் பிரதி ஒன்றைத் தற்காலிக இடத்துக்குக் கொண்டுவருகிறது. நாம் திருகுவதெல்லாம் அந்தப் பிரதியைத்தான். சேமி என்று சொல்லும்வரை மூலம் அப்படியே இருக்கும். ஆக, ஆபத்து வரும் நொடி ஒன்றே ஒன்று: பழைய பெயரிலேயே சேமிக்கும் நொடி. அந்த ஒரு கதவுக்கு மட்டும் காவல் போட்டால் போதும். கணினியில் ப்ரீசெட் கோப்புகளைப் படிக்க மட்டும் என்று குறித்து வைக்கலாம். தேதியிட்ட பிரதி ஒன்றை வேறொரு வட்டில் வைக்கலாம். யாமஹா சிஎல் வரிசை போன்ற மேடை மிக்ஸர்களில் யார் எதைத் தொடலாம் என்று ஆள்வாரியாக அனுமதி பிரித்துக் கொடுக்கும் வசதியே இருக்கிறது. வேற்றூர்க் கச்சேரியில் மிக்ஸரை உள்ளூர் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்முன் இதைச் செய்துவிட்டுப் போவது நல்லது.

ப்ரீசெட் மாறிப்போக ஆள் வரவேண்டும் என்றுகூட இல்லை. ப்ரீசெட் என்பது எண்களின் பட்டியல். கணினியில் அந்த எண்களை ஒலியாக்குவது பிளக்-இன் என்ற துணை மென்பொருள். நிறுவனம் பிளக்-இன்னைப் புதுப்பிக்கும்போது உள்ளே கணக்கிடும் முறை மாறினால், அதே எண்கள் வேறு ஒலி தரும். கோப்பை எத்தனை பூட்டு போட்டு வைத்தாலும் இதற்கு உதவாது. முடிந்த பாட்டின் ஒவ்வொரு தடத்தையும் எஃபெக்டோடு சேர்த்து ஆடியோவாக எடுத்து வைப்பதுதான் வழி. பத்து வருடம் கழித்துத் திறக்கும்போது பிளக்-இன் இல்லாவிட்டாலும் ஒலி இருக்கும். இதை நான் வசதியாகப் பார்க்கவில்லை, கடமையாகவே பார்க்கிறேன்.

இனி நகல். யாமஹா டிஎக்ஸ்7 சிந்தசைஸர் 1983-இல் வந்தது. அதன் ஒலியாக்க முறையைக் கண்டவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங். அம்முறைக்கு 1977-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைப் பயன்படுத்தும் உரிமத்தை யாமஹா வாங்கியிருந்தது. முறைக்கு அப்படியொரு சட்டக் காவல். ஆனால் அந்தக் கருவியைப் புகழடையச் செய்த ஒலிகளுக்கு? டிஎக்ஸ்7-இல் ஒரு ஒலி வெறும் 128 பைட். நினைவகத்தில் உள்ள 32 ஒலிகளும் சேர்ந்து 4,096 பைட். மிடி கேபிள் வழியாக மொத்தத்தையும் சில நொடிகளில் இன்னொரு கருவிக்கு அனுப்பிவிடலாம். அனுப்பும்போது இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண் போகும். வழியில் ஏதேனும் சிதைந்ததா என்று அது காட்டும். எடுத்தவர் யார் என்று கேட்காது. நினைவகக் காப்பு வசதியும் அதில் உண்டு, ஆனால் அது எழுதுவதைத்தான் தடுக்கும். படிப்பதற்குத் தடையில்லை.

எண்பதுகளின் எண்ணற்ற காதல் பாடல்களில் கேட்ட அந்த மின்பியானோ ஒலி இப்படிப்பட்ட 128 பைட்தான். தொழிற்சாலை ஒலிகளை உருவாக்கிய டேவிட் பிரிஸ்டோ, கேரி லூயன்பெர்கர் ஆகியோரின் பெயர்கள் பாடல் தட்டுகளில் வரவில்லை. அந்த 128 பைட்டில் ஒலியின் பெயருக்கு 10 எழுத்து ஒதுக்கியிருந்தார்கள். செய்தவர் பெயருக்கு ஓர் எழுத்துகூட இல்லை. என் மனதில் நகலெடுத்ததைவிடப் பெரிய குறை இதுதான். இன்றைய ப்ரீசெட் உலாவிகள் பலவற்றில் உருவாக்கியவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள்.

கோப்பையே மறையாக்கிப் பூட்டினால் என்ன? சிலர் செய்கிறார்கள். காண்டாக்ட் போன்ற மென்பொருளில் கருவியின் நிரல்வரிகளுக்குக் கடவுச்சொல் போடலாம். மாதிரி ஒலிகளும் நிரலும் சேர்ந்த பெரிய தொகுப்புகளுக்கு அது ஓரளவு நிற்கும். ஆனால் வெறும் எஃபெக்ட் அமைப்பு காற்றில் வந்தவுடனேயே வெளியாகிவிடுகிறது. ரிவெர்பை எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஒரே ஒரு துடிப்பை அனுப்பி, வெளியே வரும் எதிரொலியைப் பதிவு செய்தால், அந்த அமைப்பின் முகம் ஏறக்குறைய முழுதாகக் கையில் வந்துவிடும். எந்தக் குமிழ் எந்த எண்ணில் இருந்தது என்று தெரியவே வேண்டாம். சோனி 1999-இல் வெளியிட்ட டிஆர்இ-எஸ்777 கருவி, 2001-இல் வந்த ஆல்டிவெர்ப் பிளக்-இன் ஆகியவை உண்மையான மண்டபங்களின் எதிரொலியை இப்படித்தான் பெட்டிக்குள் கொண்டுவந்தன. மண்டபத்தை எடுக்க முடிந்தால் ப்ரீசெட்டை எடுக்க முடியாதா?

கம்ப்ரெஸரும் டிஸ்டார்ஷனும் இவ்வளவு எளிதில் சிக்குவதில்லை. உள்ளே போகும் ஒலியின் அளவைப் பொறுத்து அவற்றின் நடத்தை மாறுவதால் ஒரு துடிப்பு போதாது. அந்த அரணும் இப்போது தளர்ந்துவிட்டது. கிடார் ஆம்ப்ளிஃபயருக்குச் சோதனை ஒலிகளை அனுப்பி அதன் குணத்தைப் பிடித்துவைக்கும் கெம்பர் ப்ரொஃபைலர் வந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகிறது. அதே வேலையை நரம்பு வலைப்பின்னல்களைப் பழக்கிச் செய்யும் கருவிகள் பிறகு வந்தன.

சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கும்? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் தரவுத் தொகுப்புகளையும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்க்கிறது. அதனால் நூறு ப்ரீசெட் கொண்ட தொகுப்பை அப்படியே பெயர் மாற்றி விற்பவரோடு வாதாட இடமுண்டு. குமிழ்களின் நான்கைந்து எண்களுக்கு மட்டும் உரிமை கோருவது கடினம். ஒலிப்பதிவுக்கான உரிமையும் பதிவான ஒலிக்குத்தான்; அதேபோல் புதிதாக ஒன்றைச் செய்தால் அது தடுக்காது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் அந்தப் பூட்டு பதிப்புரிமை உள்ள ஒன்றைக் காக்க வேண்டும்.

ஆகவே நடைமுறையில் பலன் தருவது, எதைக் கையிலிருந்து கொடுக்கிறோம் என்ற கவனம். படத் தயாரிப்பாளர் கேட்டால் எஃபெக்ட் பதிந்த ஆடியோ தடங்களைக் கொடுங்கள். ப்ரீசெட்டுகளோடு கூடிய திறந்த செஷன் கோப்பைக் கொடுக்க வேண்டியிருந்தால், அதற்குத் தனிக் கட்டணத்தையும், ப்ரீசெட்டுகளை வேறு படத்துக்கு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் வேலை தொடங்கும்முன்பே தாளில் எழுதி வாங்குங்கள். படம் வெளியான பிறகு கேட்டால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.